முதல் சந்திப்பிலேயே சோதனைத்தாள் வேண்டாம்

எந்த வேலைக்குப் போகலாம் என்று ஆலோசனை கேட்க நாளை உங்களிடம் முதல் ஆள் வருகிறார், ஹாலண்டின் 6 வகை ஆர்வச் சோதனையை (ஒருவரின் ஆர்வங்களை 6 வகையாகப் பிரித்து, பொருந்தும் வேலைகளைக் காட்டும் உளவியலாளர் ஹாலண்டின் கேள்வித்தாள்) கையோடு கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தாளை நீட்டினால் தேர்வு எழுத வந்தவர் போல விறைத்து உட்கார்ந்துவிடுவார்.

பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்கு தவிர, என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், "ஏன் இப்போது வந்தீர்கள்?" என்று கேளுங்கள். போன வருடம் வராதவர் இன்று வந்திருக்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. பாதி விஷயம் அதில்தான் இருக்கும். அவசரப்படாமல் கேளுங்கள்.

"எனக்கு எந்த வேலை சரிவரும்?" என்று நெருக்குவார். பதில் சொல்லிவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒருவரிடம் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அவர் திரும்பி வரவே இல்லை.

கடைசி 10 நிமிடத்தில் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: அவர் யோசிக்கும் துறையில் இருக்கும் ஒருவரிடம் பேசிவிட்டு வரட்டும். சோதனையை இரண்டாவது சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம்.