கிலோ கூலியும் பச்சைக் காயும்

அன்புள்ள அம்மா,

வத்தல்மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் அரபிகா, கூடவே மிளகு. அப்பா ரசாயன உரம் போட்டதே இல்லை. பெங்களூரில் ஸ்பெஷாலிட்டி காப்பி வாங்குபவர்களை எப்படிப் பிடிப்பது? ஆர்கானிக் சான்றிதழ் கட்டாயமா? லோகோ வேண்டுமா? பறிக்க வரும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுக்கிறோம். பழுத்ததை மட்டும் பறிக்கச் சொன்னால் கேட்பதே இல்லை.

ம., தர்மபுரி

அன்புள்ள தம்பி,

'ஆர்கானிக்' என்று எழுதி விற்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முன் ஆர்கானிக் முறையிலேயே விளைவித்துக் காத்திருக்கும் மாறுதல் காலம், காப்பிக்குப் பொதுவாக 3 ஆண்டு. இரண்டு ஏக்கருக்குத் தனியாக எடுத்தால் செலவு தாங்காது, அக்கம்பக்கத்தாரோடு குழுவாகச் சேருங்கள். லோகோவுக்கு இப்போது என்ன அவசரம்?

உங்கள் கடைசி வரிக்குத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். கேட்பதே இல்லையாம்! கிலோவுக்குக் கூலி கொடுத்துவிட்டு வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

என் அம்மா மார்கழியில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் பறிப்புக்குப் போவாள். அங்கேயும் கிலோ கூலிதான். பழத்தை மட்டும் தேடினால் சாயங்காலம் எடை நிற்காது. அதனால் கிளையைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவுவாள். பச்சை, செங்காய், பழம் எல்லாம் ஒரே சாக்கில் விழும். மேஸ்திரி திட்டுவார், எடையில் சாக்குக்கென்று கழிக்கவும் செய்வார். அவளுக்கா பழம் தெரியாது? இலந்தை பொறுக்கினால் மடியில் ஒரு காய் இருக்காது.

காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூமழை விட்டுவிட்டுப் பெய்தால் பூவும் அப்படித்தான் பூக்கும். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே நிற்கும். ஒரு செடிக்கு மூன்று நான்கு தடவையாவது திரும்பிப் போக வேண்டும். பச்சைக் காய் கலந்தால் காப்பி துவர்க்கும், எவ்வளவு தேர்ந்த கை வறுத்தாலும் அது போகாது. ஸ்பெஷாலிட்டி என்று பெயர் வாங்க, ருசி பார்ப்பவர்கள் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது போட வேண்டும். அந்த மதிப்பெண் பறிப்பிலேயே போய்விடுகிறது. பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரமும் உலர்த்தும் மேடையும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

நாள் கூலி கொடுங்கள். முடியாவிட்டால் சுத்தமான பழத்துக்குத் தனி விலை வையுங்கள். செலவு கூடும், மறுக்கவில்லை. ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. பழத்தில் கிலோவுக்கு 5 ரூபாய் கூட்டினால் கொட்டையில் 30 ரூபாய் ஏறும். அதை வாங்குபவரிடம் கணக்காகச் சொல்லிக் கேளுங்கள். விலை மட்டும் பெங்களூர் விலை, கூலி மட்டும் பழைய கூலி என்றால் அது அநியாயம் தம்பி. மண்ணை நோகவிடாத மனிதரின் பிள்ளை நீங்கள். பறிக்கிறவர்களை நோகவிடலாமா?

இந்தப் பருவத்தில் பழம் மட்டும் பறித்ததைத் தனியாக உலர்த்துங்கள், பச்சை கலந்ததைத் தனியாக. அப்புறம் இரண்டையும் வறுத்து, அந்தப் பெண்களுக்கே காப்பி போட்டுக் கொடுங்கள். பெங்களூருக்கு மாதிரி அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.