பழைய அம்பாசிடர்ல சார்ஜ் லைட் அணையவே மாட்டேங்குது, டைனமோவ மாத்தணுமா?

டைனமோ (இன்ஜின் ஓட்டத்துல சுத்தி பேட்டரிய சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) வச்ச அம்பாசிடர், வண்டி ஓடும்போதும் சிவப்பு லைட் எரியுது, பேட்டரி ரெண்டே நாள்ல இறங்கிடுதுன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அவசரப்பட்டு டைனமோவ மாத்திடாதீங்க, நல்ல பழைய டைனமோ இப்போ கிடைக்கிறதே கஷ்டம்.

பெல்ட் லூசா இருக்கா, பேட்டரி டெர்மினல்ல உப்பு பூத்திருக்கான்னு மொதல்ல பாத்துடுங்க. அப்புறம் டைனமோவுல டி, எஃப்னு ரெண்டு டெர்மினல் இருக்கும்ல, அந்த வயர் ரெண்டையும் கழட்டிட்டு, டெர்மினல் ரெண்டையும் ஒரு துண்டு வயரால சேத்து, மல்டிமீட்டரோட ஒரு முனைய அதுலயும் இன்னொரு முனைய டைனமோ பாடியிலயும் வச்சு, ஐடிலிங்ல இருந்து மெதுவா ஆக்சிலரேட்டர் குடுங்க. வோல்ட் சீரா ஏறி 20 கிட்ட வந்தா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தம், அதோட நிறுத்திடணும், அதுக்கு மேல ரெய்ஸ் பண்ணா உள்ள இருக்குற வைண்டிங் (கம்பிச் சுத்து) போயிடும். ஒண்ணுமே வரலன்னா, உள்ள உரசிக்கிட்டு கரண்ட் எடுக்குற கார்பன் பிரஷ்ஷ பாருங்க. 1 வோல்ட்டுக்குள்ளயே நின்னா ஃபீல்டு காயில் (சுத்தாம நிக்குற காயில்) மேல சந்தேகம், 4, 5 வோல்ட்ல நின்னா ஆர்மெச்சர் (நடுவுல சுத்துற பாகம்) மேல சந்தேகம்.

டைனமோ நல்லா இருந்தா அடுத்து, சார்ஜ அளவா வச்சிருக்குற ரெகுலேட்டர் பாக்ஸ். அங்க பாயிண்ட்ட (தொட்டு விலகுற கான்டாக்ட்ட) தேய்க்கிறதுக்கு முன்னாடி 'இ'ன்னு போட்டிருக்குற எர்த் வயர பாருங்க, என் வண்டியில அந்த ஒரு ஸ்க்ரூ துருப்பிடிச்சதுக்கு நான் மூணு மாசம் அலைஞ்சேன். பாக்ஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டிடுங்க.