1,700 ரிங்கிட்டை மட்டும் எண்ணி விமானம் ஏறாதீர்கள்

தம்பிக்கு வணக்கம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை, மாதம் 1,700 ரிங்கிட், அதில் 1,500-ஐ வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஏஜெண்டு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதலில் சுற்றுலாப் பயணியாக வந்து பிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வெயில், சாப்பாடு, பைக் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெயில் நம் ஊர் அளவுக்கு இல்லை, மழை அதிகம். சோறு எந்த மூலையிலும் கிடைக்கும். நான் பேச விரும்புவது அந்த 1,500-ஐப் பற்றித்தான். 1996-இல் நானும் அப்படியொரு கணக்கோடுதான் இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கினேன்.

முதலில் அந்தச் சுற்றுலா யோசனையைத் தூக்கி எறியுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே தங்கலாம் என்பது உண்மை. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அரசு செய்த வசதி அது. அதை வேலைக்கு ஆள் அனுப்பும் வழியாக மாற்றிக்கொண்டவர்களில் நம் ஊர்க்காரர்களே இருக்கிறார்கள் என்பதுதான் என் நெஞ்சை எரிக்கிறது. சோதனையில் பிடிபட்டால் தடுப்பு முகாமுக்குப் போகப்போவது நீங்கள். ஏஜெண்டின் தொலைபேசி அன்றோடு அணைந்துவிடும்.

அடுத்து, 1,700 ரிங்கிட் அவர் பேசி வாங்கித் தந்த சம்பளம் அல்ல. 2025 பிப்ரவரியில் அரசு குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500-லிருந்து அந்த அளவுக்கு உயர்த்தியது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். அதே 2025-இன் அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி (நம் ஊர் பி.எஃப். போன்றது) கட்டாயமாகிவிட்டது. உங்கள் பங்கு 2 விழுக்காடு, அதாவது 34 ரிங்கிட். முதலாளியும் 2 விழுக்காடு போடுவார். அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வராது. தங்குமிடம், மின்சாரம், முன்பணம் என்று வேறு என்னென்ன பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வந்து நான் பட்டது போதும்.

பைக் வாங்கலாமா என்கிறீர்கள். இங்கே பெட்ரோல் மலிவு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் அரசு மானியத்தைப் பிரித்தது. ரோன் 95 என்ற சாதாரண வகைப் பெட்ரோல் குடிமக்களுக்கு லிட்டர் 1.99, மற்றவர்களுக்கு அப்போது 2.60. நான் சிவப்பு அடையாள அட்டைக்காரன், நிரந்தரவாசி. இங்கே வரி கட்டுகிறேன், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், ஆனாலும் எண்ணெய் நிலையத்தில் மற்றவர்களுக்கான விலைதான் எனக்கு. என் மகன் அதே நிலையத்தில் 1.99-க்கு நிரப்புகிறான். இது நியாயமில்லை என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்.

விலைவாசியை நான் கல்லாவிலிருந்து பார்க்கிறவன். சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. முதல் நாள் இரவு விடிய விடிய விலைச்சீட்டு ஒட்டினோம். 2018 ஜூனில் அதைச் சுழியமாக்கினார்கள். மொத்த வியாபாரிகள் அனுப்பிய பட்டியலில் பாதிச் சரக்கு பழைய விலையிலேயே இருந்தது. வாடிக்கையாளர்கள் என்னைத்தான் திட்டினார்கள். 2024 ஜூன் 10-இல் டீசல் 2.15-லிருந்து 3.35 ஆனதும் கேமரன் மலைக் காய்கறி கொண்டுவருகிறவர் அந்த வாரமே கூலியைக் கூட்டினார். பத்து ரிங்கிட்டுக்குக் காய்கறி கேட்ட தோட்டத்துப் பையன் எட்டு ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியில் முட்டை வாங்கிப் போனான். நீங்கள் அனுப்ப நினைக்கும் 1,500 இப்படித்தான் கரையும்.

எல்லாவற்றையும்விடக் கடன்தான் எனக்குப் பயம். நான் 60,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு ரிங்கிட் அப்போது 14 ரூபாய் அளவில் இருந்தது. மாதம் 400 ரிங்கிட் அனுப்பினால் 5,600. வட்டி 1,800 போக மீதியில் அம்மா குடும்பத்தை நடத்தினார். 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. 1998 ஜனவரியில் ரிங்கிட் ஒன்பது ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. நான் அதே கடையில் அதே மூட்டையைத் தூக்கினேன், அதே 400 ரிங்கிட்டை அனுப்பினேன், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 3,600. வட்டிக்காரர் 1,800-ஐக் குறைக்கவில்லை. 'நீ அங்கே செலவு செய்து பழகிவிட்டாயா' என்று அம்மா எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் செப்டம்பரில் அரசு ஒரு டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிவைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இப்போது ரூபாய் சரிந்து கிடப்பதால் உங்கள் கணக்கு பெரிதாகத் தெரிகிறது. அதை நிலையானது என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

என் கடப்பிதழை (பாஸ்போர்ட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) முதல் முதலாளி மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். சட்டப்படி அது குற்றம் என்று எனக்கு நான்கு ஆண்டுகள் தெரியாது. யாரிடம் கேட்பது? நம் ஆட்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மலாய் கற்றேன். சந்தையில் மீன் விற்ற மலாய் மக்சிக்தான் (வயதில் மூத்த பெண்ணை அப்படி அழைப்பார்கள்) என் ஆசிரியை. ஆறே மாதத்தில் அலுவலகக் கடிதம் படிக்கும் அளவுக்கு வந்தேன். பத்து ஆண்டு இருந்தும் எண்களைத் தவிர ஒரு மலாய்ச் சொல் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்குத் தடித்த சங்கிலியோடு ஊருக்குப் போய் உங்களைப் போன்றவர்களின் மனத்தைக் கெடுப்பவர்களும் அவர்கள்தான். அந்தச் சங்கிலி பல நேரம் இரவல்.

இந்த ஊர்த் தமிழர்கள் நம்மைவிட முந்தி அடிபட்டவர்கள். என் மாமியார் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்தச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார்கள். மாமியாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் வேலை பார்த்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது பெண்களுக்குக் கிடைத்தது உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும்தான். குலை வெட்ட வெளிநாட்டு ஆண்கள் வந்தார்கள். நீங்கள் வரப்போவது அந்த இடத்துக்கு. அதை அறிந்து, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள்.

2020-இல் கட்டாய உழைப்புப் புகாரில் எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா தடுத்தது. அதன் பிறகு அவ்விரண்டும் தொழிலாளர் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. ஆகவே எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். உங்களிடம் எவ்வளவு கேட்டார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும், ஒப்பந்தத்தில் பிடித்தங்கள் உள்ள பக்கத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். மலாயில் இருந்தாலும் வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.