ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க, கொடுக்கலாமா?

ஆரம்பாக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் தடா பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் பாக்டரில கான்ட்ராக்டர் மூலமா ஏழு வருஷம் வேலை பாத்திருக்காரு, நடுவுல கான்ட்ராக்டர் ஒருதடவை மாறியிருக்கு. சம்பளம் 18,000. போன மாசம் ஆர்டர் இல்லன்னு நிறுத்திட்டாங்க, "ரிசைன் லெட்டர் எழுதிக் கொடு, செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்"னு எச்.ஆர் சொல்றாராம். கும்மிடிப்பூண்டில ஒரு புரோக்கர் பத்து பர்சென்ட் கொடுத்தா ஒரே வாரத்துல பிஎஃப் பூரா எடுத்துத் தர்றேங்கிறாராம். என்ன பண்றது, வேலை போனவங்களுக்கு கவர்மென்ட் பணம் கிடைக்குமா, குழு லோனுக்கு என்ன வழின்னு கேக்குறாங்க.

அம்மா, முதல்ல அந்த லெட்டர்ல கையெழுத்து போட வேணாம், இன்னும் போடலைன்னா பாதி பிரச்சனை முடிஞ்ச மாதிரி. அவங்களா நிறுத்தினா அதுக்குப் பேரு ஆட்குறைப்பு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் இல்லன்னா ஒரு மாச சம்பளம், கூடவே முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்னு சட்டத்துலயே இருக்கு. ஏழு வருஷத்துக்கு சுமாரா மூணரை மாச சம்பளம், நோட்டீஸ் சம்பளத்தோட சேத்தா 80,000 ரூபாய்க்கிட்ட வரும். நானா போறேன்னு எழுதிக் கொடுத்துட்டா அத்தனையும் போச்சு, இஎஸ்ஐல (தொழிலாளர் இன்ஷூரன்ஸ்) வர வேண்டிய பணமும் போச்சு. செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்ங்கிறதுல அர்த்தமே இல்ல, ரிசைன் பண்ணாலும் நிறுத்தினாலும் பாக்கி சம்பளத்த ரெண்டு வேலை நாளுக்குள்ள கொடுக்கணும், 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. வேலைய விட்டுப் போகும்போது வர்ற கிராஜுவிட்டி மட்டும் ரிசைன் பண்ணாலும் உண்டு, பேசிக் 12,000னா அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி ஏழு வருஷத்தால பெருக்கினா 48,000 சொச்சம். கான்ட்ராக்டர் மாறினதால சர்வீஸ் கட்டாயிடுச்சும்பாங்க, அதே பாக்டரில அதே வேலைய விடாம பாத்தவருக்கு அதை ஒத்துக்க வேணாம், பழைய ஐடி கார்டு, பே ஸ்லிப் எல்லாத்தையும் எடுத்து வைங்க. கான்ட்ராக்டர் பாக்கி சம்பளம் தரலைன்னா பாக்டரிக்காரங்கதான் தரணும்.

புகார் எங்க கொடுக்கணும்ங்கிறதுல எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வீடு தமிழ்நாட்டுல இருந்தாலும் பாக்டரி ஆந்திரால, அதனால திருவள்ளூர் லேபர் ஆபீஸ்ல கொடுக்கிற மனு அலைச்சல்தான், அது திருப்பதி மாவட்டத்து லேபர் ஆபீசுக்குத்தான் போகணும். இங்கிலீஷ்லயே எழுதுங்க, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வைங்க. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் சென்ட்ரல் கவர்மென்ட், அதுக்கு இந்த எல்லை தகராறு இல்ல.

இஎஸ்ஐல வேலை போனவங்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம் இருக்கு, 2018 ஜூலைல ஆரம்பிச்சது, முதல்ல 25 சதவீதம், 2020 மார்ச்ல இருந்து சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும். உங்க கணக்குக்கு 27,000 பக்கம். வாழ்நாள்ல ஒரு தடவைதான். ரெண்டு வருஷம் இன்ஷூர் ஆகியிருக்கணும், வேலை போறதுக்கு முந்தின ஆறு மாச பீரியட்ல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். இதை ஒரேயடியா நிரந்தரமாக்காம அப்பப்போ நீட்டிச்சு நீட்டிச்சு ஓட்டுறாங்க, வேலை போனவன் தேதி பாத்தா வேலைய இழக்குறான்? அதனால தள்ளிப் போடாம பிராஞ்ச் ஆபீஸ் போய் இப்ப ஓடுதான்னு கேட்டுட்டு ஆன்லைன்ல போடுங்க. கம்பெனிக்காரன் கையெழுத்து தேவையில்ல. வாசல்ல ஸ்டாம்ப் பேப்பர்ல அஃபிடவிட் வேணும்னு காசு கேப்பாங்க, அந்த நிபந்தனைய 2020லயே எடுத்தாச்சு, கொடுக்காதீங்க.

ஓடி (ஓவர்டைம்) பாத்த நேரத்துல சம்பளம் 21,000 தாண்டிடுச்சு, அதனால இஎஸ்ஐ செல்லாதுன்னு கூட வேலை பாத்தவங்க பயமுறுத்துறதா எழுதியிருக்கீங்க. இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுல குழம்பி கிளெய்மே போடாம விட்டவங்க நிறைய. 21,000ங்கிற வரம்புக்கு ஓடி பணத்தைச் சேக்கவே கூடாது. ஓடி சேந்து கைக்கு 23,000 வந்திருந்தாலும் அவரு இஎஸ்ஐக்குள்ளதான். ஆனா காசு பிடிக்கும்போது ஓடிக்கும் சேத்துத்தான் பிடிப்பாங்க, அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் குழம்புறாங்க. சரி, ஓடி இல்லாம சம்பளமே ஏறி 21,000 தாண்டிடுச்சுன்னு வைங்க, அப்பவும் அந்த மாசமே வெளிய போக மாட்டாரு. ஏப்ரல்-செப்டம்பர் ஒரு பீரியட், அக்டோபர்-மார்ச் ஒரு பீரியட், எதுல தாண்டினாரோ அது முடியிற வரைக்கும் கட்டியே ஆகணும், கவரும் இருக்கும். பே ஸ்லிப்ல இஎஸ்ஐ பிடிச்சிருக்கான்னு மட்டும் பாருங்க.

மாமியாருக்கு இஎஸ்ஐல வாங்குற சுகர் மாத்திரையையும் நிறுத்த வேணாம். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 78 நாள் கட்டியிருந்தா அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு, அக்டோபர்-மார்ச் கட்டினது அடுத்த ஜூலை-டிசம்பருக்கு. டிஸ்பென்சரிய தமிழ்நாட்டுப் பக்கமே மாத்திக்கலாம்.

இப்ப அந்த புரோக்கர். பிஎஃப் கிளெய்ம் போட ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. பத்து பர்சென்ட் போறதோட முடியல, உங்க ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் அவன் கையில, மொபைல் நம்பரையே அவனோடதா மாத்தி வச்சுட்டு மிரட்டுறவங்களும் இருக்காங்க. அதைவிடப் பெரிய நஷ்டம், சொல்லாமலே பென்ஷன் பணத்துக்கும் சேத்து கிளெய்ம் போட்டுடுவான், கமிஷன் கூடுதல்ல. ஏழு வருஷ சர்வீஸ் அதோட அழிஞ்சுது, விட்டு வச்சா இன்னும் மூணு வருஷம் வேற எங்கயாவது பாத்தா 58 வயசுல பென்ஷன். அதுல கை வைக்காதீங்க. பிஎஃப்ல மட்டும், வேலை போனா 75 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். அதுக்கு முன்னாடி பழைய கான்ட்ராக்டர் கணக்க புதுசோட சேத்துடுங்க, தனித்தனியா இருந்தா அஞ்சு வருஷத்துக்குக் கீழன்னு வரி பிடிக்கலாம்.

எக்ஸிட் தேதி, அதாவது வேலைய விட்ட தேதிய, பிஎஃப்ல கம்பெனி போடலைன்னா, கடைசியா பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போர்ட்டல்ல போடலாம். இன்னொண்ணு பேரு. நம்ம ஊர்ல இனிஷியல், ஆந்திரா ஆபீஸ்ல இன்டிபேரு (குடும்பப் பேரு), அந்த வழக்கத்துல நம்ம அப்பா பேரை முன்னாடி போட்டு ஸ்பெல்லிங்கும் மாத்தி வச்சிருப்பாங்க, ஆதார்ல வேற மாதிரி இருக்கும், ஒரு எழுத்துக்காக கிளெய்ம் ரிஜெக்ட். இவங்க டைப் பண்ண தப்புக்கு தொழிலாளி அலையணும்ங்கிறது என்ன நியாயமோ. கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க, ஆதார் வெரிஃபை ஆன யுஏஎன்ல (பிஎஃப் நம்பர்) நிறைய திருத்தம் இப்ப நீங்களே பண்ணிக்கலாம்.

வேலைவாய்ப்பு ஆபீஸ்ல உதவித்தொகை வாங்கித் தர்றேன்னு யாராவது வந்தா விட்டுடுங்க, அது பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருக்கிறவங்களுக்கு மாசம் சில நூறு ரூபா.

குழு லோனுக்கு, தவணை தவறுறதுக்கு முன்னாடியே பிராஞ்சுக்குப் போய் வேலை போன விஷயத்த எழுதிக் கொடுத்து தவணைய குறைச்சு காலத்த நீட்டிக் கேளுங்க, தவறினப்புறம் கேட்டா மரியாதை வேற மாதிரி இருக்கும். காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வசூலுக்கு வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாது, ரிசர்வ் பேங்க் சொன்னது. வந்தா தேதி நேரத்தோட எழுதி வச்சு புகார் கொடுங்க. மத்த பொம்பளைங்க முன்னாடி வச்சுப் பேசுறாங்கன்னு தினவட்டிக்கு வாங்கி இதை அடைக்காதீங்க, அவசரம்னா நகைய கூட்டுறவு பேங்க்ல வைங்க, இஎஸ்ஐ பணம் வந்ததும் அதையே முதல்ல மீட்டுடலாம்.