சித்திரைப் பாயசம் உப்புக் கரித்த கிணறு: இறால் பண்ணை மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"வக்கீல் அய்யா, எங்கள் வீட்டுக் கிணறு மாமனார் காலத்தில் வெட்டியது. கோடையிலும் வற்றாது. பக்கத்து ஆறு வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வடக்கே இருந்த நிலத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்து வெனாமி இறால் பண்ணை போட்டார். கயிறு பிடித்துப் பார்த்ததில் கிணற்றுக்கும் பண்ணைக் கரைக்கும் எண்பது மீட்டர்தான் இருக்கும். இந்த வருஷம் சித்திரை முதல் நாள் வைத்த பாயசம் உப்புக் கரித்தது. யாரும் குடிக்கவில்லை. அன்றிலிருந்து குடம் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். அறுவடை முடிந்ததும் கருப்புத் தண்ணீரை ஓடையில் திறந்து விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்ததோடு சரி. பண்ணைக்காரர் லைசென்ஸ் இருக்கிறது, கடற்கரையில் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெட்டிவிடலாம் என்கிறார் என் கொழுந்தன். என்ன செய்யலாம்?"

சகோதரி, முதலில் கொழுந்தனிடம் மண்வெட்டியை வாங்கி வையுங்கள். கரையை வெட்டினால் அந்த நிமிஷமே நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள், பண்ணைக்காரர் புகார்தாரர் ஆகிவிடுவார். அதோடு, குட்டைத் தண்ணீர் மொத்தமும் உங்கள் ஓடைக்குத்தான் வரும்.

அடுத்தது உடம்பு. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வாயில் வைக்கவே கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பால்பவுடர் கலக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம். இறால் தீவனக் கழிவில் நைட்ரஜன் இருக்கும். அது நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கினால் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறையும். அரிப்பு உள்ள பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், "எந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள்" என்பதையும் டாக்டரிடம் சொல்லி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

இனி வழக்கு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பாயச வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. தண்ணீர் எப்போது கெட்டது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "போன கோடையில்" என்பார்கள். நீங்கள் நாளே சொல்லிவிட்டீர்கள்: சித்திரை 1, அதாவது ஏப்ரல் 14. பாயசத்தை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்த உறவினர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் சாட்சி.

அந்த நாள் ஏன் முக்கியம் என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, சுற்றுச்சூழல் பிரச்சினைக்காக அங்கே மனுப் போட, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்கு மேல் நகராது. உங்கள் கடிதம் புரட்டாசியில் வந்திருக்கிறது. அக்டோபர் 14 கண்ணுக்கு எதிரே நிற்கிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் புதிதாகக் கழிவு விடுகிறார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் என்று வாதாடலாம். ஆனால் அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். நஷ்டஈடும், கெட்ட கிணற்றையும் நிலத்தையும் மீட்டுத் தரும் உத்தரவும் கேட்க 15ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு ஐந்து வருஷம் அவகாசம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் மழை. ஐப்பசி அடைமழை இறங்கிவிட்டால் மணல்பாங்கான உங்கள் நிலத்தில் நன்னீர் ஊறி, கிணற்று உப்பு தற்காலிகமாகக் குறையும். அப்போது வந்து மாதிரி எடுக்கும் அதிகாரி "பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். மாதிரியை மழைக்கு முன்னால் ஒருமுறை எடுக்க வேண்டும், வரும் பங்குனியில் இன்னொரு முறை.

"கடற்கரையில் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும்." இந்த ஒரு வரியை உடைப்பதில்தான் உங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்த யாருக்கும் தெரியும், அலையடிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் இனிப்பான ஊற்று வரும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிய பெண்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காரணம் இதுதான்: மழைநீர் உப்புநீரை விட லேசானது. மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அந்த மெல்லிய நன்னீர்ப் படுகையின் தலைமாட்டில் உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் அது மேலிருந்தே கசிந்து இறங்கும். கடல் பக்கவாட்டில் வந்து செய்யாத வேலையைக் குட்டை மேலிருந்து செய்துவிடும்.

இதை நிரூபிக்க மூன்று கிணறு போதும். ஒன்று உங்களுடையது. இரண்டாவது, பண்ணையிலிருந்து தள்ளி, ஆனால் கடலுக்கு உங்களை விடப் பக்கத்தில் உள்ள ஒரு கிணறு அல்லது ஊற்று. மூன்றாவது, பண்ணைக்கு மறுபக்கம் ஒன்று. கடலுக்குப் பக்கத்துக் கிணறு நன்னீராகவும், கடலுக்குத் தள்ளி, பண்ணையை ஒட்டி இருக்கும் உங்கள் கிணறு உப்பாகவும் இருந்தால், "இயற்கையான உப்பு" என்ற பேச்சுக்கு அதற்கு மேல் வலுவில்லை. கரைந்த உப்பின் மொத்த அளவு, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராம், குளோரைடு 250, நைட்ரேட் 45. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் கரைந்த உப்பு 2000 வரையும் குளோரைடு 1000 வரையும் பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

மாதிரி எடுப்பது எப்படி என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற ஒரு வழக்கில், கட்சிக்காரர் ஒரு குளிர்பான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். நானும் சோதனைக்கு அனுப்பி, அறிக்கையைத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இந்த பாட்டிலில் முன்பு என்ன இருந்தது, யார் கழுவினார்கள், எந்தத் தண்ணீரில்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அறிக்கை ஒதுக்கப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த தவறு இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். ராமநாதபுரத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சுத்தமான குப்பி கேட்டு வாங்கி, ஊர்க்காரர் இருவர் முன்னிலையில் மூன்று கிணற்றிலும் எடுத்து, நாள், நேரம், கையெழுத்தோடு கொடுத்துக் கட்டண ரசீது வாங்குங்கள். செல்போனில் வீடியோவும் எடுங்கள். இது உங்கள் தரப்புக்கான முதல் ஆதாரம். ஆனால் பண்ணை ஓடையில் விடும் கழிவை நீங்கள் எடுத்தால் போதாது. தண்ணீர் (மாசு தடுப்பு) சட்டம் 1974-இன் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்து, பண்ணைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை முறைப்படிச் சீல் வைத்து எடுத்தால்தான் வழக்கில் நிற்கும். எனவே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் மனுக் கொடுங்கள். "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "இன்ன தேதி வாக்கில் அறுவடை, கழிவு திறக்கப்படும், 21ஆம் பிரிவின் கீழ் மாதிரி எடுங்கள்" என்று எழுதுங்கள். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசுப் பொருளை நீரோடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுவதைத் தடை செய்கிறது. அங்கே நீரோடை என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரும் அடங்கும்.

அப்புறம் லைசென்ஸ். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இன்படி, அலையேற்றக் கோட்டிலிருந்து (கடல்நீர் உச்சமாக ஏறும் எல்லை) 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் பண்ணை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. எந்த சர்வே எண்ணுக்கு, எத்தனை ஹெக்டேருக்கு, எந்த இறாலுக்கு, எதுவரைக்கும் என்று பாருங்கள். ஒரு சர்வே எண்ணுக்குப் பதிவு வாங்கிப் பக்கத்து நிலத்துக்கும் குட்டையை நீட்டிவிடுவது உண்டு.

2005 விதிகளோடு வந்த வழிகாட்டு நெறிகளில், குடிநீர் ஆதாரத்திலிருந்து பண்ணை 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்நூறு பேருக்கு மேல் வசிக்கும் ஊர் என்றால் குடியிருப்பிலிருந்து 300 மீட்டர். வெனாமி வளர்ப்புக்கு அனுமதி தந்தபோது, பண்ணை சின்னதோ பெரியதோ, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு கட்டாயம் என்றார்கள். இந்தச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு விதிகள் புதுப்பிக்கப்பட்டதால், இந்தப் பண்ணைக்கு விதித்த நிபந்தனைகளின் நகலையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆணையம் சென்னையில் இருந்தாலும் மத்திய அரசின் கீழ் வருவது. அதனால் நம் ஊர் கோர்ட் வில்லை செல்லாது, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வையுங்கள். பண்ணைகளை ஆய்வு செய்யும் மாவட்டக் குழுவின் அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். ஆக, உங்கள் மனு போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு, "மாவட்டக் குழு நேரில் ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

எண்பது மீட்டர் என்று நீங்கள் கயிறு பிடித்தது நல்ல வேலை. ஆனால் அதைச் சர்வேயர் அளந்து தர வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி, புல வரைபடத்தில் கிணற்றையும் குட்டைக் கரையையும் குறிக்கச் சொல்லுங்கள்.

பதிவில்லாமலோ நிபந்தனையை மீறியோ நடத்தினால், முன்பு இருந்த சிறைத் தண்டனை 2023இல் எடுக்கப்பட்டுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் பண்ணையை நிறுத்தவும், அபராதம் போடவும், கட்டுமானத்தை அகற்றவும், பதிவை ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மனு எழுதும்போது பலர் தவறும் ஓர் இடம் உண்டு. தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் மேலே சொன்ன 2005ஆம் ஆண்டு நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இல்லை. தண்ணீர்ச் சட்டமும் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-உம் இருக்கின்றன. அந்த இரண்டின் மீதுதான் மனுவை நிறுத்த வேண்டும். நஷ்டஈடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம், குறைந்தது 1000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. இதுவரை வாங்கிய குடங்களின் கணக்கு, பட்டுப்போன தென்னை இருந்தால் அதன் படம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். பண்ணைக்காரர் வேண்டுமென்றே செய்தாரா, கவனக்குறைவா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலின் கெடு விளைவால் சேதம் வந்தால் அதற்குப் பொறுப்பானவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. நாகப்பட்டினம் பகுதியில் இறால் பண்ணைகளால் நிலமும் கிணறும் கெட்டபோது சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று அதில் சொன்ன நீதிபதிகள், மூடப்படும் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு ஆறு வருஷக் கூலியும் தரச் சொன்னார்கள். உங்கள் ஊர்ப் பையன்கள் சிலரும் அங்கே வேலைக்குப் போவார்கள். அவர்களைப் பகைக்க வேண்டாம், இந்த வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லாப் பண்ணையையும் இடிக்க முடியாது. 2005 சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஈடு கொடுக்கும் பொறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டத்திலேயே, ஒருவர் நிலத்துக்குள் ஊறி வரும் தண்ணீரை அடுத்தவர் நியாயமின்றிக் கெடுக்கக் கூடாது என்பது நில உரிமையாளரின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. மாமனார் வெட்டிய கிணற்றுக்கு அந்த உரிமை உண்டு.

தீர்ப்பாயத்துக்குப் போக நாளாகும், பிள்ளைகள் இப்போதே அவதிப்படுகிறார்கள் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 152ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுப் போடுங்கள். பொதுத் தொல்லையை நீக்க அவர் உடனடி நிபந்தனை உத்தரவு போடலாம். கிணறு ஏழு வீட்டுக்குப் பொதுவாக இருப்பது இங்கே உங்களுக்குச் சாதகம். அதனால் ஏழு வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். லாரியில் குடிநீர் தரச் சொல்லி ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தனி மனு கொடுங்கள்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், மனுதாரராக உங்கள் பெயரையே போட்டு விண்ணப்பியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது கிணறு இருக்கும் இடத்தின் பட்டா, கலெக்டர் அலுவலகப் பதில், ஆய்வக ரசீது, செலவு நோட்டு, சித்திரை ஒன்றாம் தேதி வீட்டுக்கு வந்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அக்டோபர் 14 என்ற தேதியை வக்கீலிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.