ஏப்ரல்ல போஞ்சி போடாதேங்கோ

தங்கச்சி, போன ஒக்டோபர்தான் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தனாங்கள், பேஸ்மென்ட் வீட்டுக்காரர் பின்வளவில நாலடிக்கு எட்டடி துண்டு ஒண்டு தந்திருக்கிறார், வேலையிடத்தில ஆரோ மஞ்சள் செடிப் போஞ்சி (பீன்ஸ்) விதை பக்கெட் தந்தவை, இப்பவே போடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். போடாதேங்கோ.

நான் வந்த முதல் வருஷம் ஏப்ரல் கடைசியில ஒரு நாள் 20 டிகிரி வெயில் அடிச்சவுடன ஊர் நினைப்பில முழுப் பக்கெட்டையும் தாட்டுப்போட்டு ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டன், ரெண்டு கிழமையாகியும் ஒண்டையும் காணேல்ல, கிண்டினா எல்லாம் அழுகிக் கொழகொழத்துக் கிடக்குது. கடைக்காரன் பழைய விதையைத் தந்துட்டான் எண்டு பேசிக்கொண்டு திரிஞ்சன், பிழை என்னிலதான். காத்துச் சூடானாலும் மண் அப்பவும் குளிரிலதான் கிடக்கும். போஞ்சி முளைக்க மண்ணே 15 டிகிரிக்கு மேல இருக்கவேணும். இங்க கனபேர் விக்டோரியா டே லோங் வீக்கெண்ட், அதாவது மே 25க்கு முதல் வாற திங்கள், அது வர மட்டும் பொறுப்பினம். நான் அதுக்கும் மேல ஒரு கிழமை விடுவன், எங்கட வளவு களிமண், கெதியில சூடாகாது.

உள்ளுக்கு கப்பில முளைக்க வைச்சு நடலாமோ எண்டும் கேட்டனீங்கள். தக்காளி, மிளகாய்க்கு அது சரி, போஞ்சி வேரை அசைச்சா சோர்ந்துபோகும். நேரா நிலத்தில ஒரு அங்குலம் ஆழம், விதைக்கு விதை நாலு அங்குலம், வரிசைக்கு வரிசை ஒண்டரை அடி. இரவிரவா ஊறப்போடவும் வேண்டாம், தோல் வெடிச்சு பிறகு அழுகும். மண் சூடெண்டா எட்டுப் பத்து நாளில தலை தூக்கும். செடிப் போஞ்சி எண்டபடியால் பந்தல், தடி ஒண்டும் தேவையில்ல, ரெண்டடிக்கு மேல வளராது.

உரம் கனக்க வேண்டாம். வேரில சின்னச்சின்ன முடிச்சு வரும், அதுக்குள்ள இருக்கிற பக்டீரியா காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சு செடிக்குக் குடுக்கும், அதனால புல்லுக்குப் போடுற உரத்தை கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, இலை செழிக்கும் காய் இருக்காது (நான் அதையும் செய்து பாத்தனான்). கொஞ்சம் கொம்போஸ்ட் காணும்.

முயல்தான் பெரிய கரைச்சல். ஊரில ஆடு மாட்டுக்கு வேலி, இங்க முயலுக்கு. ரெண்டடி உயரத்தில கோழிக்கம்பி சுத்தி, அடியை மண்ணுக்குள்ள தாட்டு விடுங்கோ, இல்லாட்டி ஒரு காலமை எழும்பிப் பாக்க வெறும் குச்சிதான் நிக்கும். ஜூலையில செம்பு நிற முதுகோட ஜப்பான் வண்டு வரும், விடியக்காலமை அது மந்தமா இருக்கேக்க சோப்புத் தண்ணி வாளிக்குள்ள தட்டி விழுத்துங்கோ.

போட்டு 50, 55 நாளில ஆயலாம். மஞ்சளில உள்ள வசதி இதுதான், பச்சைப் போஞ்சி இலைக்குள்ள ஒளிச்சிருந்து முத்திப்போகும், இது தூரத்தில இருந்தே தெரியும். பென்சில் மொத்தம் வந்தவுடன, உள்விதை புடைக்க முதல், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆயுங்கோ. விதை முத்த விட்டா செடி பூக்கிறதைக் குறைச்சுப்போடும். மழை ஈரத்தில மட்டும் செடிக்குள்ள கை வைக்காதேங்கோ, ஒரு செடி நோய் மற்றதுக்கும் பரவும்.

ருசி பச்சைப் போஞ்சி மாதிரித்தான், கொஞ்சம் இளசு. தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி வைச்சுப் பாருங்கோ. பச்சையாக் கடிக்க வேண்டாம், வயித்தைக் குழப்பும்.

முழுப் பக்கெட்டையும் ஒரே நாளில போடாதேங்கோ தங்கச்சி. ரெண்டு கிழமைக்கு ஒரு வரிசை எண்டு ஜூலை நடு மட்டும் போடலாம், செப்டெம்பர் வரை கறிக்கு இருக்கும். அம்மா ஊரில இருந்து அனுப்பின பயத்தங்காய் விதையை ஜூன் நடுவுக்குப் பிறகு எடுங்கோ, அதுக்கு இன்னும் சூடு வேணும், பந்தலும் வேணும், வீட்டுக்காரரிட்ட முதல்லயே கேட்டு வையுங்கோ.