ஆல்டிஹைடா கீட்டோனா: பெயரில்லாத புட்டியை எப்படிக் கண்டறிவது?

டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி, ஆல்டிஹைடையும் கீட்டோனையும் பெலிங் கரைசல் (ஆல்டிஹைடோடு சூடாக்கினால் சிவப்பு வீழ்படிவு தரும் நீலநிறச் செப்புக் கரைசல்) ஒன்றைக் கொண்டே பிரித்தறியலாமா என்று கேட்டிருக்கிறார். அது மட்டும் போதாது. பென்சால்டிஹைடு ஆல்டிஹைடாக இருந்தும் பெலிங் கரைசலைச் சிவப்பாக்குவதில்லை.

நான் முதலில் நம்புவது டாலன்ஸ் சோதனையை. ஆல்டிஹைடில், ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனைல் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அது எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து, வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக ஒடுக்குகிறது. சாதாரணக் கீட்டோன்களுக்கு அந்த ஹைட்ரஜன் இல்லை. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு தோன்றும். அது கரையும் அளவுக்கு மட்டும் அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டு, ஆல்டிஹைடைச் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் அசைக்காமல் வைத்தால், சோதனைக் குழாயின் உட்சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். ஜனவரிக் குளிரில் ஆய்வகமே சில்லிட்டிருக்கும்போது வெந்நீர் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்நீரின் குளோரைடு வெண்ணிறக் கலங்கலை உண்டாக்குமாதலால் காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

எச்சரிக்கை: ஃபிரக்டோஸ் போன்ற ஆல்ஃபா ஹைட்ராக்சி கீட்டோன்களும் இந்த வெள்ளிக் கண்ணாடிப் பூச்சைத் தரும். 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் இரு வகைக்குமே மஞ்சள் அல்லது ஆரஞ்சு வீழ்படிவு தருவதால், அது கார்பனைல் தொகுதி உண்டென்று மட்டுமே சொல்லும். அயோடினும் காரமும் கொண்டு செய்யும் அயடோஃபார்ம் சோதனையும், ஆல்டிஹைடான அசிட்டால்டிஹைடையும் கீட்டோனான அசிட்டோனையும் பிரிக்காது.

டாலன்ஸ் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். சோதனை முடிந்தவுடன் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஆசிரியர் காட்டும் கழிவுக் கலனில் ஊற்றிவிடுங்கள்.